காணியைக் கொடுக்க முடியாத அரசாங்கம்

1917இல் ரஷ்யாவின் இடைக்கால அரசாங்கத்துக்குக் கடைசியாகத் தலைமை தாங்கிய கெரென்ஸ்கி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். 1917 ரஷ்யப் பாடம் வந்தால் பிள்ளைகள் லெனினைப் பற்றித்தான் கேட்பார்கள். என் மனசு தோற்றுப்போனவரிடமே போய் நிற்கும்.

அலெக்சாண்டர் கெரென்ஸ்கி லேசுப்பட்ட ஆள் இல்லை. 1912இல் லேனா தங்கச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் படையினர் சுட்டுக் கொன்றபோது, சைபீரியா வரை போய் விசாரித்த வழக்கறிஞர் அவர். தொழிலாளி படும் பாட்டைக் கண்ணால் கண்டவர். அப்படிப்பட்டவர், அதே சனத்திடம் "பொறுங்கள், பொறுங்கள்" என்று சொல்லியே ஆட்சியை இழந்தார்.

அன்றைய தலைநகர் பெத்ரோகிராடில் பாணுக்கு வரிசையில் நின்று அலுத்த பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கித்தான் ஜார் மன்னரின் ஆட்சி போனது. இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையே இல்லை. 2022இல் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்துவிட்டு அம்மாமார் கடை வாசலில் குந்தியிருந்தார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளமும் போச்சு.

மார்ச் 15இல் இளவரசர் லவோவ் தலைமையில் இடைக்கால அரசாங்கம் அமைந்தது (திகதிகள் இன்றைய நாட்காட்டிப்படி). பேச்சுச் சுதந்திரம், அரசியல் கைதிகளுக்கு விடுதலை, மரண தண்டனை ஒழிப்பு என்று வந்த வேகத்தில் நல்ல காரியங்கள் செய்தார்கள். ஆனால் பிடி அவர்கள் கையில் இல்லை. துருப்புகளும் ரயிலும் தபாலும் தந்தியும் பெத்ரோகிராட் சோவியத்தின் (தொழிலாளர், படைவீரர் பிரதிநிதிகளின் சபை) கையில் இருக்கின்றன, அது விடும் வரைதான் நாம் அரசாங்கம் என்ற கருத்தில் யுத்த அமைச்சர் குச்கோவே இராணுவத் தளபதிக்கு எழுதினார். அதுவும் பதவிக்கு வந்த சில நாளிலேயே.

அரசாங்கமும் சோவியத்துமாக நடந்த இந்த இரட்டை ஆட்சிதான் தோல்விக்குக் காரணம் என்று பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். எனக்கு அது போதாது. ஆரம்ப மாதங்களில் அந்த சோவியத் தனக்கு ஆட்சி வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த அரசாங்கத்தை ஆதரிக்கவே செய்தது. கிடைத்த அந்த அவகாசத்தில் என்ன செய்தார்கள்?

காணிப் பிரச்சினையை, புதிய அரசியலமைப்பை எழுத மக்கள் தெரிவு செய்யும் அரசியல் நிர்ணய சபை தீர்க்கும் என்றார்கள். சட்டப்படி பார்த்தால் சரி. யாரும் வாக்களிக்காத அரசாங்கம் எந்த உரிமையில் நாட்டின் நிலத்தைப் பங்கிடும்? ஆனால் அந்தத் தேர்தலும் செப்டெம்பர், அப்புறம் நவம்பர் என்று தள்ளிக்கொண்டே போனது. விவசாயிகள் காத்திருக்கவில்லை. பண்ணையார்களின் நிலத்தில் தாங்களே இறங்கிவிட்டார்கள்.

போன தவணை ஒரு மாணவி எழுந்து, "சார், முதல்ல காணியக் குடுத்துட்டு அப்புறம் சட்டம் போட்டிருக்கலாம்தானே?" என்றாள். அவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவில் லீக்ஸும் போஞ்சியும் போட்ட நாலு பாத்தி. மழைக்கு மண் சரியாமல் அவளுடைய பாட்டி கல் பொறுக்கி அணை கட்டி, மாட்டெரு சுமந்து போட்டு உண்டாக்கிய மண். அதற்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு வீட்டுக் காணி 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. ரஷ்ய விவசாயியின் அவசரம் அந்த அமைச்சர்களில் பலரை விட அவளுக்கு நன்றாகப் புரியும்.

அவளுக்கு நான் சொன்ன பதில், அப்போது நடந்துகொண்டிருந்த முதலாம் உலக யுத்தம். படைவீரர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஊரில் காணி பங்கிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போர்முனையில் எவன் நிற்பான்? யுத்தம் நடக்கும் வரை காணி கொடுக்க முடியாது. யுத்தத்தை நிறுத்தவோ, நேச நாடுகளுக்குக் கொடுத்த வாக்கும் வாங்கிய கடனும் விடவில்லை. நிறுத்துவதற்குப் பதிலாக, யுத்த அமைச்சராக இருந்த கெரென்ஸ்கி ஜூலை 1இல் புதிய தாக்குதலையே தொடங்கினார். சில வாரத்தில் அது சிதறியது. ஒழித்த மரண தண்டனையைப் போர்முனையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும். செப்டெம்பரில் தளபதி கோர்னிலோவ் தலைநகருக்குப் படை அனுப்பியபோது அதை மறித்தவர்கள் ரயில் தொழிலாளர்கள். அரசாங்கத்தைக் காப்பாற்ற அரசாங்கத்திடம் ஆளில்லை.

நவம்பர் 8 அதிகாலை, அரசாங்கம் இருந்த குளிர்கால அரண்மனை லெனினின் போல்ஷெவிக் கட்சியிடம் விழுந்தது. அன்றிரவே சமாதானத்துக்கும் காணிக்கும் லெனின் ஆணை பிறப்பித்தார். காத்திருந்த தேர்தல் அந்த மாதம் 25இல் நடந்தது. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ கால்வாசி வாக்கு. அந்தச் சபை 1918 ஜனவரியில் ஒரே ஒரு முறை கூடியது. மறுநாள் கதவை அடைத்துவிட்டார்கள்.

இடைக்கால அரசு என்றாலே இதுதான் விதி என்று நான் ஏற்கமாட்டேன். போர்த்துக்கலில் 1974 ஏப்ரல் 25இல் சர்வாதிகாரத்தை வீழ்த்தியவர்களே ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நடந்த யுத்தத்தில் அலுத்துப்போன இராணுவ அதிகாரிகள்தான். அதே ஆண்டிலேயே கினி பிசாவின் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1976க்குள் ஆறு இடைக்கால அரசாங்கங்கள் மாறின, சதி முயற்சிகளும் நடந்தன. ஆனாலும் சரியாக ஒரு வருடம் கழித்து, 1975 ஏப்ரல் 25இல், சொன்னபடி தேர்தல் வைத்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த தவணை கெரென்ஸ்கியோடு இதையும் சேர்த்தே படிப்பிக்கப் போகிறேன்.