முப்பத்திரண்டு சதவீதம்

அக்டோபர் 8

தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுதித் தர ஒரு ஸ்க்ரைபும் கூடுதல் நேரமும் கேட்டிருந்தேன். தேர்வுப் பிரிவின் பதில் வந்துவிட்டது. ஒரே வரி. "மாற்றுத்திறன் 40 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது." கீழே கையெழுத்து, முத்திரை. டாக்டரின் கடிதத்தையும் எக்ஸ்ரேயையும் இணைத்து அனுப்பியிருந்தேன். அவற்றை யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்று இந்த வரியை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 9

மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு கொடுத்தேன். நகலில் சீல் கேட்டதற்குத் தபால் செக்‌ஷனில், "அதான் வாங்கிக்கிட்டோமே, போம்மா" என்றார்கள். நான் நகரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி மனு கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். சீல் இல்லாவிட்டால் அந்தப் பதினைந்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? கடைசியில் அடுத்த மேசையில் இருந்த அம்மா எழுந்து வந்து தேதியோடு சீல் குத்திக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 10

முப்பத்திரண்டு. அந்த எண் எப்படி வந்தது என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மாற்றுத்திறன் சான்று தரும் மருத்துவ போர்டில் என்னைப் பார்த்தபோது மதியம் மூன்று மணி. முடக்கு வாதம் இருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் இருக்கும் கை வேறு, மதியத்தில் இருக்கும் கை வேறு. காலை எட்டு மணிக்குப் பல் தேய்க்கும் பிரஷைப் பிடிக்க முடியாத விரல்கள் மதியத்துக்குள் ஓரளவு இளகிவிடும். அந்த இளகிய கையைத்தான் மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார்கள். எல்லாவற்றையும் அளந்து கூட்டி மாற்றுத்திறன் 32 சதவீதம் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் தவறு என்று நான் சொல்லவில்லை. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதற்கு அது சரியான எண்ணாகவே இருக்கலாம். ஆனால் எனக்குத் தேர்வு காலை பத்து மணிக்கு. மூன்று மணி நேரம், விடாமல், பேனாவால். தொடர்ந்து எத்தனை நிமிடம் எழுத முடியும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 12

ஞாயிறு. முடக்கு வாத மருந்து, மெத்தோட்ரெக்சேட். நாளை முழுக்கக் குமட்டும்.

அக்டோபர் 13

குமட்டியது. அத்தை முடக்கத்தான் கீரையோடு வந்து தோசை வார்த்துக் கொடுத்தார். "தினம் சாப்பிடு கண்ணு, கை லேசாயிடும்" என்றார். இரண்டு தோசை சாப்பிட்டேன். பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து, கீரையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்காக அவ்வளவு தூரம் வந்த ஒருவர் கேட்டது நான் சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான்.

அக்டோபர் 16

விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பை முழுதாகப் படித்து முடித்தேன். உச்ச நீதிமன்றம், 11 பிப்ரவரி 2021. அவருக்கும் எழுதும்போதுதான் கை இறுகும். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி ஸ்க்ரைப் தர மறுத்தது. காரணம், அதே நாற்பது.

நீதிமன்றம் பிரித்துச் சொன்னது மிகவும் எளிய விஷயம். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் நாற்பது சதவீதம் என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் உண்டு. உயர்கல்வியில் 5 சதவீத இடம் அப்படிப்பட்டது. நான் இடம் கேட்கவில்லை, இடம் என்னிடம் இருக்கிறது. நான் கேட்பது நியாயமான வசதி. அதற்கு அந்த வரம்பைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. அந்த வசதியை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு, 10 ஆகஸ்ட் 2022 அன்று மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது, நாற்பதுக்குக் கீழே இருந்து எழுத முடியாதவர்களுக்காக. ஸ்க்ரைப் உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் உண்டு. எனக்கு வந்த அந்த ஒரு வரியைத் தயாரித்தவரின் மேசைக்கு இதெல்லாம் இன்னும் வந்து சேரவில்லையா? வந்திருந்தும் எழுதினாரா? இரண்டில் எது என்று நினைத்தாலும் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 21

தீபாவளி விடுமுறை. விடுமுறை நாள் பதினைந்தில் சேராது.

அக்டோபர் 25

எதிர்வீட்டுப் பெண் ஸ்க்ரைபாக வரச் சம்மதித்துவிட்டாள். பி.காம். முதல் வருடம். நாமே ஸ்க்ரைபைக் கூட்டிவந்தால் அவர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது 2022 வழிகாட்டுதலின் விதி. எம்.ஏ. வரலாற்றுக்கு அவள் சரி.

இன்று பழகிப் பார்த்தோம். உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை. எழுதும்போது எனக்கு வாக்கியம் கையிலிருந்துதான் வரும் போலிருக்கிறது. பாதி எழுதியதும் மீதி தானாக வரும். சொல்லும்போது அப்படி இல்லை. முழு வாக்கியத்தையும் மனதில் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு மாற்றினால் அவள் அடிக்க வேண்டும், நேரம் போகும். "சதுர்வேதிமங்கலம்" என்றதும், "அக்கா, மெதுவா" என்றாள். முதலாம் பராந்தகன் என்பதில் எந்த "ன", எந்த "ர" என்று கேட்டாள். நல்ல கேள்வி, தேர்வு அறையிலும் இப்படிக் கேட்க விடுவார்களா?

கூடுதல் நேரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு தடவை இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் யோசிக்கிறேன், சொல்கிறேன், அவள் கேட்கிறாள், எழுதுகிறாள், படித்துக் காட்டுகிறாள், நான் திருத்துகிறேன். ஒரு பத்து மதிப்பெண் பதிலுக்குள் இவ்வளவும் நடக்கிறது.

அக்டோபர் 28

மழை. வேளச்சேரியில் வழக்கம்போல் தெருவில் தண்ணீர். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருக்கிறது. இதைப் போனில் வாயால் சொல்லித்தான் பதிகிறேன்.

நவம்பர் 3

குழுவின் பதில். "முன்னரே தெரிவிக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். தீர்ப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, 2022 வழிகாட்டுதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுப்பதாக இருந்தாலும் ஏன் என்று எழுதட்டும். காரணம் இருந்தால்தானே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நவம்பர் 4

குழுவுக்கு மேலே இருக்கும் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு. மேல்முறையீடு செய்யப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கிறது, ஆனால் என் முதல் பேப்பர் 24 ஆம் தேதி. முடிவு சொல்ல அவருக்கு 30 நாள் இருக்கிறது. எனக்கு இல்லை. அவசரம் என்று மனுவின் தலையிலேயே பெரிதாகப் போட்டேன்.

நவம்பர் 6

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, அங்கிருந்து காமராசர் சாலை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்தேன். சட்டத்தின் 80 ஆவது பிரிவில் ஆணையர் விசாரிக்கலாம், 82 இல் சிவில் நீதிமன்றத்தைப் போலச் சம்மன் அனுப்பலாம். சீல் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அப்பா, மகனைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தார். அவர் மனு எதைப் பற்றியோ. திரும்பி வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

நவம்பர் 9

"இந்த செமஸ்டரை விட்டுடேன்டி, உடம்பைப் பாரு" என்கிறாள் அம்மா. அவள் பயம் எனக்குப் புரிகிறது. இரவெல்லாம் நான் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பவள் அவள். ஆனால் விட்டால் அது அரியர் என்றுதான் பதிவாகும், நோய் என்றோ மறுப்பு என்றோ எங்கும் பதிவாகாது. விட மாட்டேன். விட மாட்டேன்.

நவம்பர் 14

விசாரணை. குறைதீர்ப்பாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, "தொடர்ந்து எவ்வளவு நேரம் எழுத முடியும்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு சொன்னேன், "காலையில் இருபது நிமிஷம் சார். அதுக்கப்புறம் பேனா நழுவும்."

தேர்வுப் பிரிவிலிருந்து வந்தவர், "இவங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார். கேட்கட்டுமே! கை வராத எல்லோரும் கேட்கத்தான் வேண்டும். இதை அங்கே சத்தமாகச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னேன்.

நவம்பர் 18

உத்தரவு! ஸ்க்ரைப் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். நிபந்தனை: 2022 வழிகாட்டுதலில் உள்ள படிவத்தில், எழுதுவதில் சிரமம் இருக்கிறது, ஸ்க்ரைப் அவசியம் என்று அரசு மருத்துவரிடம் சான்று வாங்கி 21 ஆம் தேதி மாலைக்குள் தர வேண்டும். அத்தைக்குப் போன் செய்தேன். அழுதார்.

நவம்பர் 20

படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போதாது, குழுவாகப் பார்த்துப் போட வேண்டும். எலும்பு டாக்டர் போட்டுவிட்டார். நரம்பியல் டாக்டர் இன்று லீவ். நாளை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மணி! பார்க்கட்டும், இந்தத் தடவை காலைக் கையைப் பார்க்கட்டும்.

நவம்பர் 21

மாலை நாலே காலுக்குக் கொடுத்தோம். சீல் வாங்கினேன்.

நவம்பர் 22

ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. ஸ்க்ரைப் பெயர் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. மற்றவர்களுக்கு வந்த அதே தாள். போன் எடுக்க ஆளில்லை. உத்தரவையும் சீல் போட்ட நகலையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். திங்கள்கிழமை எட்டு மணிக்கே சென்டர் வாசலில் இருப்போம் என்று எதிர்வீட்டில் சொல்லியாயிற்று.