டிஸ்சார்ஜ் சீட்டில் மனைவி பெயர் இருக்காது

ஐசியூ நர்ஸுக்கு, நோயாளி வார்டுக்கு மாறிவிட்டாலே பிழைத்துவிட்டார் என்று கணக்கு. அப்புறம் என்ன ஆனார் என்பது காதுக்கு வருவதே அபூர்வம். வீட்டுக்குப் போனவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் ஃபாலோஅப் ஓபியில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் மீதிக் கதை எனக்குத் தெரிகிறது.

நிமோனியாவில் வென்டிலேட்டர் வரை போய் மீண்ட ஒருவர், தன்னை யாரோ கடத்திப்போய்க் கையைக் கட்டிக் கழுத்தை நெரித்தார்கள் என்றார். கையைக் கட்டியது நிஜம், டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று நாங்கள்தான் கட்டினோம். நெரித்தது, சளி உறிஞ்சக் குழாய் விட்ட நேரமாக இருக்கும். மயக்க மருந்து, டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தால் மூளை இப்படித்தான் ஒரு கதை கட்டிக்கொள்ளும். நிஜத்தை நினைவு வைத்திருப்பவர்களைவிட, இந்த மாதிரி பிரமைகளை மட்டும் சுமந்து போகிறவர்களுக்கே பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) அறிகுறிகள் அதிகம் என்று 2001இல் வந்த ஓர் ஆய்வே சொல்லியிருக்கிறது.

பக்கத்தில் அவர் மனைவி. இவருக்கு எதுவும் மறக்கவில்லை, அதுதான் சிக்கல். நள்ளிரவில் எங்களிடமிருந்து "உடனே வாங்க" என்று அழைப்பு போனதிலிருந்து ஃபோன் மணி அடித்தாலே கை நடுங்குகிறதாம். ராத்திரி எழுந்து எழுந்து கணவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார். "நான் நல்லாத்தானே இருக்கேன் சிஸ்டர், இவதான் தூங்க விடமாட்டேங்கறா" என்கிறார் அவர். பைத்தியம் என்று நினைத்துவிடுவாளோ என்று கடத்தல் விஷயத்தை அவர் மனைவியிடம் சொன்னதே இல்லை; பழசைக் கிளற வேண்டாமென்று அந்த அம்மாவும் வாய் திறக்கவில்லை.

ஐசியூ நோயாளிகளின் குடும்பத்தாரில் மூன்றில் ஒருவருக்கு 90 நாள் கழித்தும் பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்ததாக 2005இல் பிரான்ஸில் பார்த்திருக்கிறார்கள்.

ஐசியூ டைரி என்று ஒன்று உண்டு. இன்று காய்ச்சல் இறங்கியது, மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டார் என்று நோயாளிக்காக நாங்களும் குடும்பத்தாரும் எழுதிவைப்பது. 2010 ஆய்வில் டைரி கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் புதிதாக பிடிஎஸ்டி வந்தது. 2019இல் பிரான்ஸில் செய்த பெரிய ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் நான் டைரி பக்கம்தான்; புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேச ஒரு பிடி கிடைக்குமே.

இப்போதெல்லாம் கூட வந்தவரிடமும் தூக்கம் எப்படி என்று கேட்கிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், அவர் பெயரில் தனியாகச் சீட்டு போட வேண்டும். "எனக்கு எதுக்கு சிஸ்டர்" என்று கணவருடைய மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.