சட்டைப் பட்டனுக்கு ஐந்து மாதம்

என் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். ஸ்கூல் சட்டையில் ஏழு பட்டன். அதை அவனே போட்டுக்கொள்ள ஐந்து மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் சுத்தமாக வீண்.

தெரபிக்குப் போன இடத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். சட்டையை மாட்டு, பட்டனைப் பிடி, ஓட்டையில் நுழை, இழு, அடுத்த பட்டன். ஐந்தே படி. வாரம் இரண்டு நாள் பஸ் மாறிப் போய், மரச்சட்டத்தில் துணி அடித்த பலகையில் பயிற்சி. ஆறாவது வாரம் பலகையில் அவன் கெட்டிக்காரன். வீட்டில் சட்டையைக் கொடுத்தால் பட்டனையே பார்க்காதவன் மாதிரி நிற்கிறான். போய்ச் சொன்னால், "வீட்ல நீங்க பிராக்டிஸ் கொடுக்கலம்மா" என்று பதில்.

பலகை எதிரில் இருக்கிறது, சட்டை நெஞ்சில் இருக்கிறது. இது எனக்கும் உறைக்க நாளானது. நானும் எதிரில் உட்கார்ந்துதான் காட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்கு இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும். பின்னால் உட்கார்ந்து அவன் கைமேல் என் கையை வைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

தாளிலும் ஒரு படியைக் காணோம். என் வீட்டுக்காரர் பட்டன் போடுவதை போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன் (அவருக்கு ஒரே சிரிப்பு). பட்டன் பாதி வெளியே வந்ததும், துணியைப் பிடித்திருந்த இடது கை பட்டனைப் பிடித்துக்கொள்கிறது. வலது கை பட்டனை விட்டுவிட்டுத் துணிக்குப் போகிறது. இந்தக் கை மாறுவதை யாருமே எழுதவில்லை. என் பையன் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது அங்கேதான். கையை விட்டதும் பட்டன் திரும்ப உள்ளே போய்விடும், அவன் கத்துவான். நீங்கள் பட்டியல் எழுதும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள், செய்து பார்த்து எழுதுங்கள்.

அப்புறம் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாம் நான் செய்வேன், பாதி வந்த பட்டனை இழுப்பது மட்டும் அவன் வேலை. அது பழகியதும் அதற்கு முந்தைய படி. இப்படிப் போனால் எப்போதும் முடித்த கை அவனுடையதாக இருக்கும். 1943-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு மாவு ஆலை மாடியில் புறாவுக்குப் பந்து தள்ளக் கற்றுக்கொடுத்தபோது, முழுசாகத் தள்ளட்டும் என்று காத்திருந்து பயனில்லாமல், பந்தைப் பார்த்தாலே தீனி என்று இறங்கி வந்தாராம். நானும் இறங்கினேன். விரல் பட்டன் பக்கம் போனாலே கடலைமிட்டாய்த் துண்டு.

ஸ்கின்னர் வீட்டில் மாமியார் இருந்தாரா தெரியவில்லை. காலையில் நான் அடுப்படிக்குத் திரும்பினால் போதும், அத்தை ஏழு பட்டனையும் போட்டு முடித்திருப்பார். "பச்சப்புள்ளைய ஏம்மா படுத்துற?" சண்டை போட்டுப் பயனில்லை. பயிற்சியைச் சாயங்காலம், குளித்த பிறகு என்று மாற்றினேன். பழைய சட்டை, தொளதொளத்த ஓட்டை, கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பட்டன்கள் முதலில். காலர் பட்டன் கடைசி.

நான் செய்த தப்பு வேறு. ஒவ்வொரு தடவையும் "இழு" என்று சொல்லிச் சொல்லி, நான் சொல்லாவிட்டால் அவன் இழுக்கவே மாட்டான் என்று ஆகிவிட்டது. கையால் கொடுக்கும் உதவியை மணிக்கட்டு, முழங்கை என்று தள்ளித் தள்ளிக் குறைத்துவிடலாம். வாயால் கொடுத்ததை எடுப்பதுதான் கஷ்டம். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூல் சட்டையை அவனே போட்டுக்கொண்டு வந்தான். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் தொங்குகிறது. அத்தை ஓடிப்போய்ச் சரிசெய்யப் பார்த்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே வேன் ஏற்றிவிட்டேன். சட்டையின் கீழ் நுனி இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது என் பட்டியலிலும் இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் முதல் படியாக எழுதினேன்.