ராஜினாமாவுக்கும் வக்காலத்துக்கும் நடுவில்

கம்பெனியின் சட்டப் பிரிவில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டுச் சொந்தப் பிராக்டீஸுக்கு வருகிறவர்களுக்குப் பெரிய பயம், கோர்ட்டில் நின்று பேச வருமா என்பதுதான். அது பழகப் பழக வந்துவிடும். வராவிட்டால் வாதத்துக்கு ஒரு சீனியரை வைத்துக்கொள்ளலாம். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சனத், அதாவது வக்கீலாகப் பதிவு செய்த சான்றிதழ்.

இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பள வேலையில் சேரும்போதே அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தியிருக்க வேண்டும். அப்படி நிறுத்தியவர் ரிலீவிங் கடிதத்தோடு ஹைகோர்ட் வளாகத்திலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் தொழிலை மீண்டும் தொடங்க மனுக் கொடுக்கலாம். தெரிவிக்காமலே விட்டவர் அத்தனை வருடத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆகவே கடைசி வேலை நாள் கடிதத்தில் தெளிவாக இருக்கிறதா என்று கம்பெனியை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். அனுமதி கைக்கு வரும்வரை வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நண்பருக்காக ஒன்றே ஒன்று என்றாலும் கூட. 2009-10 கல்வியாண்டிலிருந்து பட்டம் முடித்தவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வு வேறு இருக்கிறது.

முதல் கட்சிக்காரர் பெரும்பாலும் பழைய கம்பெனியாகவே இருக்கும். நல்லதுதான். ஆனால் மாதாமாதம் நிலையான தொகை, தினசரி வருகை, லீவுக் கணக்கு, பி.எஃப். பிடித்தம் என்று ஒப்பந்தம் எழுதினால் பெயர் ரீடெய்னர் (தொடர் ஆலோசனை ஒப்பந்தம்), உள்ளே இருப்பது சம்பள வேலை. விதி 49 மறுபடி குறுக்கே வரும். செய்து கொடுக்கும் ஒவ்வொரு பணிக்கும் இவ்வளவு கட்டணம் என்று எழுதுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் என்பதற்கு நம் தொழிலில் இடமில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து ஒப்பந்த மாதிரிகளைக் கூட எடுத்து வராதீர்கள்.

பணத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 1,00,000 ரூபாய்க்கு பில் போட்டால் 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) போக 90,000 வரும். அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து. பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத பில் அக்கவுன்ட்ஸ் மேஜையிலேயே தூங்கும். தனி வக்கீலின் சேவைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியது கம்பெனிதான், ரிவர்ஸ் சார்ஜ் முறையில். ஆனால் வெண்டர் படிவம் ஜி.எஸ்.டி. எண் கேட்டு அடம்பிடிக்கும், அதற்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் தயாராக வைத்திருங்கள். கோர்ட் கட்டணம், நகல் செலவு, டைப்பிங் எல்லாம் முன்பணமாக வாங்கித் தனிக் கணக்கில் எழுத வேண்டும். வீட்டுச் செலவோடு பாரிமுனையில் ஓர் அறையின் வாடகையையும் சேர்த்து ஆறு மாதத்துக்குக் கையிருப்பு இல்லாமல் ராஜினாமா எழுத வேண்டாம் என்பேன்.

கம்பெனிக்குள் இருந்தபோது காலக்கெடுவைத் துரத்துவது வெளி வக்கீலின் தலைவலி. இனி அது உங்களுடையது. வணிக வழக்கில் எதிர்வாதுரைக்குக் கடைசி எல்லை 120 நாள். 121-ஆம் நாள் எந்தக் காரணமும் எடுபடாது. வழக்குப் போடுகிற பக்கம் என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குக்கு வணிக நீதிமன்றங்கள் சட்டம் 12ஏ பிரிவின்கீழ் முன்சமரசம், அதாவது வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி, கட்டாயம். அதைத் தாண்டிப் போனால் பிராது நிராகரிக்கப்படும், கட்சிக்காரருக்கு மாதங்கள் வீண்.

விளம்பரம் கூடாது, வெப்சைட்டில் பெயர், தொடர்பு விவரம், என்ரோல்மென்ட், தகுதி, தொழில் துறை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கருத்துரை, அதாவது சட்டக் கேள்விக்கு வக்கீல் எழுத்தில் தரும் பதில். சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்கு, பாரதிய சாட்சியச் சட்டத்தில் வக்கீலுக்குரிய பிரிவு 132 ரகசியப் பாதுகாப்பு (கட்சிக்காரரோடு பேசியதை வெளியிடாமல் காப்பது) கிடையாது என்று 2025 அக்டோபர் 31 அன்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிரிவு 134-இல் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. சிக்கலான கேள்விகளைக் கம்பெனிகள் வெளியே அனுப்ப இது ஒரு காரணம். அப்படி வரும் கேள்விக்கு, உள்ளே இருந்தபோது எழுதிய மாதிரி "ரிஸ்க் மீடியம்" என்று இரண்டு வரி மெயில் போதாது. எந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, எந்தத் தேதி நிலவரம், எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, செய்யலாமா கூடாதா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். எம்.டி. அந்தப் பத்திக்கு மேல் படிக்க மாட்டார்.