பெரிய கணக்குக் கட்டப் புதிர்: எழுதத் தொடங்கும் முன் எடை போடுங்கள்

கோபியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதப் போகிறவர்கள், புதிர்ப் போட்டிக்காகவே வருகிறவர்கள் என்று கலந்த கூட்டம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தபோது, புதிதாக வந்த தங்கை ஒருத்தி தாளைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏனுங்க்கா, இத்தனை பெருசா இருக்குதே, ஒரு நாள் பூரா ஆகுங்களா?"

ஆகாது. அன்று கொடுத்த அந்தப் பெரிய கட்டம், அதற்கு முந்தைய வாரம் கொடுத்த 9×9 கட்டத்தைவிடச் சுலுவானது. அளவைப் பார்த்துப் பயப்படுவதும், சின்னதாக இருக்கிறதே என்று நம்பி உட்காருவதும் நேரத்தைத் தின்றுவிடும். ஒரு புதிரைத் தொடும் முன் ஐந்து நிமிடம் அதை எடை போடப் பழகினால், எதை எடுப்பது, எங்கே ஆரம்பிப்பது என்ற இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும். இங்கே எழுதுவது முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் சொல்வது கென்கென் வகைப் புதிர். கால்குடோகு என்றும் சொல்வார்கள். ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004இல் தம் மாணவர்களுக்காக உருவாக்கியது. 2008இல் லண்டன் டைம்ஸிலும் 2009இல் நியூயார்க் டைம்ஸிலும் வரத் தொடங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 9×9 என்றால் ஒவ்வொரு கிடை வரிசையிலும் நெடு வரிசையிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டும் வர வேண்டும். தடித்த கோட்டுக்குள் அடைபட்ட சில கட்டங்கள் ஒரு கூண்டு. கூண்டின் மூலையில் 13+ என்றோ 48× என்றோ 2÷ என்றோ இருக்கும். உள்ளே உள்ள எண்களை அந்தக் குறிப்படி கணக்கிட்டால் அந்த விடை வர வேண்டும். ஒரே வரிசையில் இல்லாதவரை, ஒரு கூண்டுக்குள் ஒரே எண் இருமுறை வரலாம். கடைசி விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வளைந்த கூண்டு, நேரான கூண்டைவிட ஏன் கடினம் என்பது இதில்தான் இருக்கிறது. மூன்று கட்டக் கூண்டில் 63× என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு நேராக இருந்தால் 1, 7, 9 மட்டுமே. வளைந்திருந்தால் 3, 3, 7 என்பதும் சாத்தியம். அப்போது 7 வளைவு மூலையிலும் இரண்டு 3களும் முனைகளிலும்தான் இருக்க முடியும்.

சரி, எடை போடுவது எப்படி? முதலில் கூண்டுகளின் குறிகளைப் பாருங்கள். கழித்தல் கூண்டு, அதிலும் 1−, 2− போன்ற சின்ன விடைகள் நிறைய இருந்தால் உஷார். 1− என்ற கூண்டுக்கு 6×6 கட்டத்தில் 5 ஜோடிகள், 9×9இல் 8, 12×12இல் 11. கட்டம் பெரிதாகப் பெரிதாக அது மோசமாகிக்கொண்டே போகும். 2÷ அப்படி இல்லை: 3, 4, 6 ஜோடிகள்தான். ஆகவே பெரிய கட்டத்தில் வகுத்தலும் பெருக்கலும் மிகுந்திருந்தால் நிம்மதியாக உட்காரலாம்.

பெருக்கல் கூண்டின் பெரிய விடையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 9×9இல் நாலு கட்டங்கள் நேராக உள்ள ஒரு கூண்டில் 20+ என்றிருந்தால் 12 விதமான எண் கூட்டங்கள் பொருந்தும். அதே இடத்தில் 1260× என்றிருந்தால்? 5ம் 7ம் கட்டாயம், மீதி இரண்டின் பெருக்கல் 36, ஒரே வரிசையில் 6 இருமுறை வராது என்பதால் 4ம் 9ம். ஒரே ஒரு கூட்டம். பார்வைக்குச் சாதுவான 20+ தான் நம்மை உட்கார வைக்கும்.

அப்புறம், நிச்சயமான கூண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 9×9இல் 17+, 3+, 8−, 5÷ போல ஒரே ஜோடி மட்டும் பொருந்துகிற இரண்டு கட்டக் கூண்டுகளைச் சொல்கிறேன். எண்ணிக்கையைவிட அவை கிடக்கிற இடம் முக்கியம். எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தால் அந்த மூலை விறுவிறுவென்று நிரம்பி, அப்புறம் புதிர் நின்றுவிடும். பரவலாக, வெவ்வேறு வரிசைகளில் இருந்தால் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். குறி போடாமல் எண்ணை மட்டும் தரும் வகையில், நான்கு குறிகளையும் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், ஒரு படி மேலே மதிப்பிட வேண்டும்.

புத்தகங்களில் 'எளிது', 'கடினம்' என்று போட்டிருப்பதை முழுதாக நம்பாதீர்கள். ஒரு புத்தகத்தின் கடினம் இன்னொன்றின் நடுத்தரம். கட்டத்தின் அளவை வைத்துக் கடினத்தைக் கணக்கிடும் சூத்திரம் எதுவும் கிடையாது. பாதி நிரப்பிய இலத்தீன் சதுரத்தை (கூண்டுகள் இல்லாமல், ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை மட்டும் வரும் கட்டம்) பூர்த்தி செய்ய முடியுமா என்று கண்டுபிடிப்பதே பொதுவாகக் கணினிக்கும் மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 1984இலேயே நிறுவிவிட்டார்கள். கோபியில் ஈரோடு பஸ் ஏறினால் கவுந்தப்பாடி வருவதற்குள் ஒரு 6×6 முடிந்துவிடும்; சில 9×9 சித்தோடு தாண்டியும் முடியாது, சில பாதி வழியிலேயே முடிந்துவிடும். வித்தியாசம் அளவில் இல்லை, கூண்டுகளில் இருக்கிறது.

இனி தீர்க்கும் வழி. எனக்கு மிகவும் பிடித்தது, புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது, 5ஐயும் 7ஐயும் துரத்துவது. 9×9இல் இந்த இரண்டும் தனி ஆட்கள். 5ஆல் வகுபடும் எண் 5 மட்டும். 7ஆல் வகுபடும் எண் 7 மட்டும். ஆகவே 5ஆல் வகுபடாத பெருக்கல் கூண்டுக்குள் 5 இல்லவே இல்லை. 5÷, 7÷ தவிர வேறு எந்த வகுத்தல் கூண்டிலும் இவை நுழைய முடியாது. அப்படியென்றால் எங்கே போகும்? இவற்றுக்கு இடம் தரும் பெருக்கல், வகுத்தல் கூண்டு வரிசையில் இல்லாவிட்டால் கூட்டல், கழித்தல் கூண்டுகளுக்குள்தான் போக வேண்டும்.

ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டத்தில் 2÷, இரண்டு கட்டத்தில் 3÷, மூன்று கட்டத்தில் 48×, மீதி இரண்டு கட்டத்தில் 2−. எல்லாம் அந்த வரிசைக்குள்ளேயே அடங்கியவை. முதல் மூன்றிலும் 5க்கும் 7க்கும் இடமில்லை. ஆகவே 2− என்பது 5ம் 7ம். அடுத்து 9 எங்கே? 2÷இல் வராது, 48 ஒன்பதால் வகுபடாது. ஆகவே 3÷ கூண்டில், 3உடன். மிச்சம் 1, 2, 4, 6, 8. இதில் 48 தரும் மூன்று எண்கள் 1, 6, 8 அல்லது 2, 4, 6. பின்னதை எடுத்தால் 2÷ கூண்டுக்கு 1ம் 8ம் மிஞ்சும், அது பொருந்தாது. எனவே 48× என்பது 1, 6, 8. 2÷ என்பது 2, 4. வேறு எந்த வரிசையின் உதவியும் இல்லாமல், ஒரு வரிசையில் எந்தக் கூண்டுக்குள் எந்த எண்கள் என்பது முழுக்க முடிவாகிவிட்டது! இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் புதிரைத் தைரியமாக எடுக்கலாம்.

பெருக்கல் கூண்டுகள் வரிசை முழுக்க இருந்தால், வரிசையின் மொத்தப் பெருக்கற்பலனை நினைவில் வையுங்கள்: 3,62,880. ஒரு வரிசையில் மூன்று கட்டத்தில் 168×, மூன்று கட்டத்தில் 90×, இரண்டு கட்டத்தில் 6×, ஒரு கட்டம் மட்டும் பக்கத்து வரிசைக் கூண்டைச் சேர்ந்தது என்றால், மூன்றையும் பெருக்க 90,720. மொத்தத்தை அதனால் வகுத்தால் 4. தனிக்கட்டத்தில் 4. அது போனதும் 168× என்பதற்கு 4, 6, 7 அடிபட்டு 3, 7, 8 நிற்கும்; 90× என்பது 2, 5, 9; 6× என்பது 1, 6. பெரிய பெருக்கல் செய்யச் சோம்பலாக இருந்தால் காரணிகளை மட்டும் எண்ணலாம்: ஒவ்வொரு வரிசையிலும் ஏழு 2, நான்கு 3, ஒரு 5, ஒரு 7. எனக்கு இப்படி எண்ணுவதுதான் வேகமாக வருகிறது.

கூட்டலுக்கு வரிசையின் மொத்தம் 45. முதல் வரிசையில் 10+, 15+, 12+ ஆகியவை முழுதாக அடங்கி, 14+ என்ற மூன்று கட்டக் கூண்டு மட்டும் ஒரு கட்டத்தைக் கீழ் வரிசையில் நீட்டியிருக்கிறது என்றால், மேலே உள்ள அதன் இரண்டு கட்டங்களுக்கு மீதி 8. கீழே நீட்டிய கட்டம் 6. கில்லர் சுடோகு (கூண்டுகளுக்குக் கூட்டுத்தொகை தரும் சுடோகு வகை) போட்டவர்களுக்கு இது பழகிய வழி.

கழித்தல் கூண்டுகள் மொய்க்கும் புதிரில் இந்த இரண்டும் கை கொடுக்காது. அங்கே ஒற்றைப்படை, இரட்டைப்படைதான் துணை. இரண்டு எண்களின் வித்தியாசம் ஒற்றை என்றால் கூட்டுத்தொகையும் ஒற்றை. இரட்டை என்றால் அதுவும் இரட்டை. ஒரு வரிசையில் 3−, 2−, 1− என்று மூன்று ஜோடிகள், இரண்டு கட்டத்தில் 13+, மீதி ஒரு கட்டம் என்றால், ஒற்றை, இரட்டை, ஒற்றை, ஒற்றை சேர்ந்து ஒற்றை. வரிசையின் மொத்தமான 45ம் ஒற்றை. ஆகவே மீதிக் கட்டத்தில் இரட்டைப்படை எண். ஒன்பதில் ஐந்து வாய்ப்புகள் ஒரே வீச்சில் போகின்றன. முற்றிலும் அடைத்துக்கொண்டதாகத் தோன்றிய புதிர்கள் இந்த ஒன்றில் திறந்துகொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுக்குப் போனால் தனி ஆட்கள் 7ம் 11ம். 5க்கு 10 துணைக்கு வந்துவிடுவதால் அதைத் துரத்த முடியாது. வரிசைக் கூட்டுத்தொகை 78. 11ஆல் வகுபடும் பெருக்கல் கூண்டுகளை முதலில் வட்டமிட்டுவிட்டால் பன்னிரண்டு 11களில் பல அங்கேயே அகப்படும். 10×10இல் 7 மட்டும்தான் தனி. அதனால் அதை 12×12ஐவிடச் சிறியது என்று அலட்சியமாக எடுக்காதீர்கள்.

தாள் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டத்தை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி எடுங்கள். கூண்டுக்கான எண் கூட்டங்களை ஓரத்தில் தனியாக எழுதுங்கள். கட்டத்துக்குள் மூன்றுக்கு மேல் சாத்தியங்களை எழுதினால் தாள் எறும்புப் புற்றாகிவிடும்.

ஊகித்துப் பார்ப்பது தவறா என்று கேட்பார்கள். வீட்டில் பழகும்போது வேண்டாம். போட்டியில் தேவைப்பட்டால் செய்யலாம், ஆனால் இரண்டே வாய்ப்புள்ள கட்டமாகவும், அது பல கூண்டுகளைத் தொடுவதாகவும் இருக்க வேண்டும். வேறு நிறத்தில் எழுதுங்கள். முரண்பாடு வந்தால் அந்த நிறத்தை மட்டும் அழித்துவிடலாம்.

உலகப் புதிர்ப் போட்டி போன்றவற்றில் (2017இல் பெங்களூருவில் நடந்தது) ஒவ்வொரு புதிருக்கும் மதிப்பெண் போட்டிருக்கும்; அதைப் பார்த்தே ஓரளவு கடினம் தெரியும். கேட் தேர்வில் அந்த வசதி இல்லை. தரவு, தருக்கப் பகுதிக்கு 40 நிமிடம். எந்தக் கேள்வித் தொகுப்பு சுலுவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே கென்கென் அப்படியே வராது. ஆனால் நிபந்தனைகளைப் படித்தவுடன் 'எது நிச்சயம், எது பல வழியில் போகும்' என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்படியே உதவும். எல்லாத் தொகுப்புகளையும் ஒருமுறை படித்து, நிச்சயமான தகவல் அதிகமுள்ளதை முதலில் எடுங்கள். எடுத்த பிறகு ஐந்தாறு நிமிடத்தில் ஒரு கட்டம்கூட உறுதியாகவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள், தயங்க வேண்டாம்.

பழகும்போது ஒவ்வொரு தாளின் தலையிலும், ஆரம்பிக்கும் முன் உங்கள் மதிப்பீட்டை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். முடித்ததும் பக்கத்தில் உண்மையில் ஆன நேரம், நின்றுபோன கூண்டு எது, அதைத் திறந்த வழி எது என்று மூன்றையும் குறியுங்கள். எங்கள் குழுவில் இதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. மதிப்பீட்டுக்கும் நேரத்துக்கும் இடைவெளி அதிகமான தாள்களை மட்டும் தனியே எடுத்து, கூண்டுக் குறிகளை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கண்ணில் படாமல் போன 1−, 2− கூண்டுகளோ வளைந்த கூண்டுகளோ அங்கே இருக்கும்.