இருபது பைட்டில் ஒரு மார்க் ஷீட்

அட்மிஷன் நேரம். ஒரு கல்லூரிக்கு நாங்கள் செய்து கொடுத்த விண்ணப்பத் தளத்தில் பெரிய ஸ்கேன் ஃபைல்கள் ஏறவில்லை என்று சாயங்காலம் புகார் வந்தது. மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்தால் 12 எம்பி வரை போகிறது. தளத்தின் நிரல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பிதான் வரம்பு. பிரவுசர் அனுப்புவதை முதலில் வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் அதுவும் இல்லை, 1 எம்பி. முதலில் என்ஜின்எக்ஸ் வரம்பை உயர்த்தினேன். அப்புறம் பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து 20எம்பி என்று போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். "சார், நேத்து பெரிய ஃபைல்தான் ஏறலை. இன்னிக்கு எதுவுமே ஏறலை."

கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஸ்கேன் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது. சர்வர் பிழைகளைப் பதிந்து வைக்கும் லாகைப் பார்த்தால் 40 கேபி போட்டோகூட வரம்பைத் தாண்டிவிட்டதாம்.

"அண்ணா, வேற ஃபைலை எடிட் பண்ணிட்டீங்களோ?" என்றான் பக்கத்து சீட் தம்பி. நியாயமான சந்தேகம். உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் பிஎச்பி 8.1க்கு, கமாண்ட் லைனுக்கு ஒன்று, தளத்தை ஓட்டும் எஃப்பிஎம்முக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு ஐஎன்ஐ ஃபைல்கள் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். பார்த்தோம். சரியான ஃபைல்தான். நடப்பிலுள்ள அமைப்புகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கமும் 20எம்பி என்றே காட்டியது.

மத்தியானம்தான் மேனுவலில் பிடிபட்டது. கிலோ, மெகா, கிகாவைக் குறிக்கும் கே, எம், ஜி என்ற மூன்று எழுத்துதான் பிஎச்பிக்குத் தெரியும், அதுவும் கடைசியில் நிற்கும் எழுத்தை மட்டுமே பார்க்கும். எம்மோடு நிறுத்தாமல் நான் பியையும் சேர்த்திருந்தேன். தெரியாத எழுத்து என்று அதை விட்டுவிட்டு 20 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. அதாவது 20 பைட். 'மதிப்பெண்' என்ற ஒரு சொல்லை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதவே 27 பைட் வேண்டும்.

திருத்தினோம். சின்ன ஃபைல்கள் ஏறின. 12 எம்பி ஏறவில்லை. இந்த முறை ஃபார்ம் திரும்பி வந்து "பெயரை நிரப்பவும்" என்றது, பெயர் நிரப்பியிருந்தும். பிஎச்பியில் முழு ஃபார்முக்கும் சேர்த்து வேறொரு வரம்பு உண்டு, அது 8 எம்பி. அதைத் தாண்டினால் பெயர், ஊர், ஃபைல் எல்லாமே காலியாகத்தான் நம் நிரலுக்கு வந்து சேரும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவன் தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பான். எனக்கு அன்று அதிகம் வலித்தது இதுதான்.

இதே பியை என்ஜின்எக்ஸில் போட்டிருந்தால், மதிப்பு தவறு என்று வரி எண்ணோடு சொல்லி, புது அமைப்பை ஏற்கவே மறுத்திருக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பிஎச்பியும் 8.2 முதல் இதற்கு எச்சரிக்கை தருகிறது. அது முன்பே வந்திருக்க வேண்டும்.

அன்றே அந்த ஐஎன்ஐ ஃபைலை வரி வரியாகப் படித்தோம். செஷன் ஆயுள், அதாவது ஒருவர் எதுவும் செய்யாமல் இருந்தால் லாகின் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது, 1440 என்று இருந்தது. 1440 நிமிடம் சரியாக ஒரு நாள் என்பதால் அதைத் தாண்டிப் பல முறை போயிருக்கிறேன். அது விநாடிக் கணக்கு, 24 நிமிடம்தான். அதே செஷன் பகுதியில் பிரவுசர் பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷின் காலாவதி 180 என்று இருக்கிறது, அது நிமிடக் கணக்கு. பெயரைப் பார்த்து எது எந்த அலகு என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி விண்ணப்பத்தில் லாகவுட் ஆகிறது என்று பிள்ளைகள் சொன்னபோது, நெட் சரியில்லை என்று பதில் சொல்லியிருந்தோம்.

இப்போது எந்த எண்ணுக்கு மேலேயும் அலகைக் கமெண்ட்டாக எழுதாமல் விடுவதில்லை. 12 எம்பி ஃபைல் ஒன்றைத் தளத்தில் நிஜமாகவே ஏற்றிப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த வரம்புக்கு மேலே தம்பி எழுதிய வரி அப்படியே இருக்கிறது: "எம் மட்டும். பி சேர்க்க வேண்டாம்." சர்வர் மாறும்போதெல்லாம் அந்த வரி புது ஃபைலுக்கு வந்துவிட்டதா என்று நானே திறந்து பார்க்கிறேன்.