லெவோர்க் வேகனுக்கு அப்சார்பர், ஸ்டெபிலைசர் பார் மாத்தின கதை (இதுவரைக்கும்)

நம்ம வண்டி சுபாரு லெவோர்க், 1.6 டர்போ, 2016 ஜனவரில பதிஞ்சது. பேருக்குத்தான் டர்போ, வேலை எல்லாம் குடும்ப வேலை. பின் சீட்ல அம்மா, பையன், பூட்ல தேக்கா மார்க்கெட் சாமான். இந்த வருஷம் சிஓஇய (சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்குற உரிமைச் சான்றிதழ்) அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு, அஞ்சு வருஷம்னு எடுத்தா அதுக்கப்புறம் மறுபடி புதுப்பிக்க முடியாது, அதனால எதைப் போட்டாலும் இந்த அஞ்சு வருஷத்துல அனுபவிச்சுத் தீர்க்கணும், அதோட வண்டியும் போயிடும். பத்து வருஷம் தாண்டிட்டதால இன்ஸ்பெக்‌ஷனும் இனி வருஷா வருஷம்.

பிரச்சினை என்னன்னா நம்ம பிளாக் பக்கத்து மாடி கார் பார்க்ல சுத்தி ஏறுற ராம்ப்ல வண்டி வெளிப்பக்கம் சாஞ்சிட்டு நிமிரவே யோசிக்கும். பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்துல ஜாயின்ட் ஒவ்வொண்ணையும் தாண்டும்போது பின்பக்கம் ஒரு தடவை ஆடி நிக்காம ரெண்டு மூணு தடவை ஆடும். அம்மா கைப்பிடிய விடறதே இல்ல. கீழ குனிஞ்சு பாத்தா பின் அப்சார்பர் (ஸ்பிரிங் ஆடுறதை அடக்குற உருளை) ரெண்டுலயும் எண்ணெய் கசிஞ்சு தூசி பிடிச்சு கறுப்பா இருந்துச்சு.

மச்சான் ஒருத்தன் காயில்ஓவர் (உயரத்தை மாத்தக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் செட்) போடு, ரெண்டு இன்ச் இறக்குன்னு ஒரே பிடிவாதம். எனக்கு அதுல இஷ்டமில்ல. ஜொகூர் தாண்டி ஈப்போ வரைக்கும் ஆளும் பெட்டியுமா போற வண்டி, இறக்கினா அப்சார்பருக்கு மேல கீழ ஓட இடமில்லாம பம்ப் ஸ்டாப்லதான் (கடைசியில முட்டுற ரப்பர் கட்டை) உக்காந்து போகும். அதனால ஸ்பிரிங் பழசே இருக்கட்டும், புது கேஸ் அப்சார்பர் நாலு, டாப் மவுண்ட் (அப்சார்பர் தலையை பாடியோட பிடிக்கிற ரப்பர் தாங்கி), லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரோட நுனியை இணைக்கிற கம்பி), பின் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையோட மூட்டு ரப்பர்), கொஞ்சம் தடிச்ச பின் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரத்தை இணைச்சு, வளைவுல சாய்வைக் குறைக்கிற முறுக்குக் கம்பி), இவ்வளவுதான்னு முடிவு பண்ணேன். பார் விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும், ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு நினைப்போம், ஆனா முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும், 18லேர்ந்து 20க்குப் போனாலே பாதிக்கு மேல கூடிடும். இன்னும் தடியா போட்டா மழையில பின்பக்கம் முதல்ல வழுக்கப் பாக்கும், நம்ம ஊர் மழைக்கு அது வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டி, வீல் நடுவுலேர்ந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வச்சேன். பின் இடது 371, வலது 370 மில்லிமீட்டர். நல்ல வேளை எழுதி வச்சேன்.

முதல் பட்டறை (பேர் வேண்டாம்) ஒரே நாள்ல முடிச்சுக் கொடுத்தாங்க. எடுத்துட்டு வரும்போதே சரியில்ல. ஸ்பீட் பம்ப்ல கட்டை மாதிரி இடிக்குது, மெதுவா போனா பின்னாடி பழைய கதவு திறக்குற மாதிரி ஒரு முனகல். வீட்டுக்கு வந்து அளந்தா இடது 384, வலது 379. அதே ஸ்பிரிங் எப்படி ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரும்? கேஸ் அப்சார்பர் கொஞ்சம் தூக்கும், சரி, ஆனா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூக்கும், இவ்வளவு தூக்காது. போன் பண்ணிக் கேட்டா "புதுசு பாஸ், ஓட ஓட செட்டாயிடும்"னாங்க. ரெண்டு வாரம் ஓட்டினேன், எங்க செட்டாகுது.

அப்புறம் காக்கி புக்கிட்ல ஒரு சீன அங்கிள்கிட்ட போனேன். அவர் கையில டார்ச் வச்சு ஒரு நிமிஷம் பாத்துட்டு "இறுக்கும்போது சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சா?"ன்னு கேட்டார். அங்கதான் விஷயமே. புஷ்ஷோட ரப்பர் நடுக் குழாயோடயும் வெளி வளையத்தோடயும் ஒட்டி இருக்கும், பேரிங் மாதிரி சுத்தாது, ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கும். லிஃப்ட்ல சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா ரப்பருக்கு அந்தத் தொங்குற நிலைதான் இயல்புன்னு ஆயிடும், வண்டி தரையில இறங்கினதும் இருபத்திநாலு மணி நேரமும் முறுக்கினபடியே நிக்கும். வண்டி உயரும், இடிக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

அங்கிள் வண்டிய நாலு கால் லிஃப்ட்ல ஏத்தினார், சக்கரம் நாலும் தட்டுல உக்காந்து இருக்கு. இடது பக்க போல்ட்டை ஒரு சுத்து தளர்த்தினதும் 'கிர்ர்ர்'ன்னு ஒரு சத்தம், என் கண்ணு முன்னாடி மட்கார்ட் ஒரு விரல் அளவு கீழ இறங்குச்சு. எனக்குச் சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. எல்லாத்தையும் தளர்த்தி, பூட்ல கைய வச்சு நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச்ல (சரியான அளவுக்கு இறுக்க உதவுற ஸ்பேனர்) இறுக்கினார். கூலி நூறு வெள்ளி கூட ஆகல, அதோட ஒரு கோப்பி-ஓ. இப்ப இடது 373, வலது 372.

இப்ப ராம்ப்ல சாய்வு நல்லாவே குறைஞ்சிருக்கு, ஸ்டீயரிங் திருப்பினா வண்டி உடனே கேக்குது. ஷியர்ஸ் பாலத்துல ஒரு 'டக்', அதோட சரி. ஞாயித்துக்கிழமை காலையில ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டுக்கும் போய் வந்தேன், 1961லேர்ந்து 1973 வரைக்கும் கிராண்ட் பிரீ ஓடின ரோடு, நான் என்னவோ லிமிட்டுக்குள்ளதான் போனேன் ஆனா வளைவுல பின் சீட்ல பையன் தூங்கிட்டே இருந்தான், அது போதும் எனக்கு. பூட்ல தேங்காய் மட்டும் இன்னும் உருளுது. அது வளைவு பண்ற வேலை, அப்சார்பர் அதுக்கு என்ன செய்யும், ஒரு கூடை வாங்கணும்.

பாக்கி இருக்கிறது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்தைச் சரிபாக்குறது. இப்போதைக்கு டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்குற அளவு) மட்டும் பாத்தாச்சு, ஸ்டீயரிங் நேரா போகும்போது கொஞ்சூண்டு இடது பக்கம் திரும்பி நிக்குது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் வான்னு அங்கிள் சொல்லியிருக்கார். முன்னாடி வலது பக்கம் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் ஒரு 'டொக்' வருது, டாப் மவுண்ட்டா லிங்க் ராடான்னு தெரியல. சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு எழுதறேன்.